கசக்காத இலை

இல்ல இல்ல, நீ உக்காரும்மா, இடம் தாராளமா இருக்கு. அந்தப் பையை மட்டும் இப்படிக் குடு, மடியில வச்சுக்கறேன். மேல எதாவது பட்டா நசுங்கிடும். சாப்பாடு இல்ல. சும்மா, ஒரு கைக்குட்டை.

டீயா? எனக்குமா வாங்கிட்டு வந்தே? உனக்கு எதுக்கும்மா சிரமம். சரி, குடு. என் மக வயசுதான் இருக்கும் உனக்கு, நீன்னு சொன்னா தப்பா நினைக்க மாட்டியே? உள்ள உங்களுக்கு யாரு? மாமனாரா. கண்ணைத் திறந்துட்டாரா? அப்பாடா. பேர் சொல்லிக் கூப்பிட்டாருன்னா பாதி வியாதி போன மாதிரிதான்.

எங்களுக்கு இன்னும் திறக்கல. அந்தக் கண்ணாடிக் கதவு வழியா பாரு, சுவர் ஓரமா ஒரு வெள்ளைத் தலை தெரியுதே, அதுதான். என் நாத்தனார். வீட்டுக்காரரோட அக்கா. நானும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். காலையில எழுப்பப் போனா எழுந்திருக்கல. மூச்சு இருக்கு, முகத்துல ஒரு வலி இல்ல, தூங்குற மாதிரியே இருக்காங்க. தட்டிப் பார்த்தோம், தண்ணி தெளிச்சோம். இவரு காதுகிட்ட குனிஞ்சு சின்னப் பிள்ள மாதிரி அக்கா அக்கான்னு கத்தினாரு. ம்ஹூம்.

டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. சின்ன வயசுதான், ஆனா அவசரப்படாம பேசறாங்க. சர்க்கரை சரியா இருக்கு, தலையைப் படம் எடுத்தாச்சு, அதுலயும் ஒண்ணும் இல்ல, ஏன் எழுந்திருக்கலன்னுதான் புரியல, ரத்தம் அனுப்பியிருக்கோம்னாங்க. வழக்கமான மாத்திரையைத் தவிர வேற எதாவது உள்ள போச்சான்னு கேட்டாங்க. இவரு, இல்லவே இல்லன்னுட்டாரு. அவருக்குத் தெரிஞ்சதை அவரு சொன்னாரு. இப்ப அந்த மாத்திரை அட்டையை எடுத்துட்டு வரத்தான் வீட்டுக்கு ஓடியிருக்காரு. டாக்டரம்மாவும் ரத்த ரிப்போர்ட் வந்ததும் திரும்ப வர்றேன், இன்னொரு தடவை நல்லா யோசிச்சு வைங்கன்னு என்னைப் பார்த்து சொல்லிட்டுப் போனாங்க. யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

என்னது? சர்க்கரையே போடலையா? அப்படியா! நான் முக்கால்வாசி குடிச்சிட்டேனே. பரவாயில்லம்மா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ வேணா உன்னோடதை மாத்திக்கோ.

நான் ரொம்பப் பேசறேனா? சொல்லிடு. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பார்த்தவ. காதுல ஒரு ஹெட்ஃபோன், முன்னாடி ஒரு பலகை நிறைய ஓட்டை, இந்த ஓட்டையில இருக்கறவங்களை அந்த ஓட்டையில இருக்கறவங்களோட சேர்த்து விடணும். ஊர் உலகத்துப் பேச்சை எல்லாம் சேர்த்து வச்சுட்டு, நாம வாயைத் திறக்கக் கூடாது. அதான் ரிட்டயர் ஆனதும் அணை உடைஞ்சுடுச்சுன்னு அக்கா சொல்லுவாங்க. ஒரு மூச்சு சத்தத்துல ஆளு அழறாங்களா சிரிக்கறாங்களான்னு சொல்லிடுவேன் நான். காதால பொழைச்சவ.

அக்காவா? அவங்க கணக்கு டீச்சர். எதைக் கொடுத்தாலும் பத்துக்கு மார்க் போடுவாங்க. கல்யாணமாகி நான் வந்த அன்னிக்கே, என் கோலத்தைப் பார்த்துட்டு... கோலம்னா என் தோற்றத்தைத்தான் சொல்றேன், பத்துக்கு நாலுன்னாங்க. முகத்துக்கு நேராவே. எனக்கும் அவங்களுக்கும் அன்னிலேர்ந்து எலியும் பூனையும்தான். அதுல எலி யாரு பூனை யாருன்னு வாரத்துக்கு வாரம் மாறும்.

முக்கியமா எங்க அம்மா வீட்டு மருந்தை வச்சு ஒரு பிடி பிடிப்பாங்க. எங்க வீட்ல தலைவலின்னா ஒரு இலை, வயித்துவலின்னா ஒரு வேர். ஒவ்வொரு இலைக்கும் முதல்ல அதைக் குடிச்சுப் பொழைச்சவங்க பேருதான். பெரியம்மா இலை, ஊமை மாமா வேர், சித்தி இலை. புஸ்தகத்துல அதுக்கெல்லாம் என்ன பேருன்னு எங்க யாருக்கும் தெரியாது. அக்கா சொல்லுவாங்க, உங்க குடும்பத்துக்கு மருந்தும் தழை, சாப்பாடும் தழை, ஆடாப் பொறந்திருந்தா செலவாவது மிச்சமாயிருக்கும்னு. சிரிக்கறியா? நானும் இப்ப சிரிக்கறேன். அப்ப சமையலறையில போய் அழுதிருக்கேன்.

வேலையில இருந்தவரைக்கும் நான் செடி பக்கமே போகல. உண்மையைச் சொன்னா, எனக்கும் அது கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ரிட்டயர் ஆனப்புறம்தான், வீட்டுக்குள்ள ஒரே அமைதி. காதுல ஒண்ணும் கேக்கல. சித்தியும் தவறிப் போயிருந்தாங்க. அவங்க வீட்டைக் காலி பண்ணப் போனப்ப எல்லாரும் பாத்திரம் பண்டம்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க, நான் பின்பக்கம் போய் ஒரு கிளையை ஒடிச்சுட்டு வந்தேன். ஈரப் பேப்பர்ல சுத்தி பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன், கைக்குழந்தை மாதிரி. அதுக்கப்புறம் பைத்தியம் பிடிச்சுடுச்சு. பெரியம்மா பேத்தி வீடு, மாமா மகன் வீடுன்னு ஒவ்வொரு வீடா. பேச்சுவார்த்தை இல்லாம போன வீட்டுக்குக்கூடப் போனேன். பழைய சண்டையைப் பேச வரல, ஒரு குச்சி ஒடிச்சுக்கறேன்னு சொன்னா யாரு கதவைச் சாத்துவாங்க? பால்கனி பூரா பழைய பெயிண்ட் வாளி, விரிசல் விட்ட பேசின், காது போன அண்டா. எல்லாத்துலயும் உறவுக்காரங்க. சாயங்காலம் தண்ணி ஊத்தறப்ப பார்த்தா குடும்பமே சேர்ந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கும். உயிரோட இருந்தப்ப அப்படி ஒரு நாளும் சேர்ந்து நின்னதில்ல.

வளர்க்கறது பெருசு இல்லம்மா. எங்க குடும்பத்துல வேற ஒரு வழக்கம் உண்டு. தலைமுறைக்கு ஒருத்தரை நாக்குன்னு சொல்லுவாங்க. ஆமா, நாக்கு. மருந்தைக் கொடுக்கறவங்க, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு இலையை வாயில போட்டு மென்னு பார்த்துட்டுத் துப்பணும். அப்புறம்தான் அது நோயாளிக்குப் போகும். அளவு, பதம், இலை அதுதானா வேறயா, எல்லாம் அந்த நாக்குக்குத்தான் தெரியும். சித்திக்கப்புறம் அது நான்னு ஆச்சு. அக்கா தங்கச்சிங்க எங்கிருந்தோ வருவாங்க, பையிலேர்ந்து இலையை எடுத்து, நீ பார்த்துச் சொல்லுடின்னு நீட்டுவாங்க. காலேஜ் படிச்சேன், வேலை பார்த்தேன், அதுக்கெல்லாம் இல்லாத ஒரு மரியாதை அதுல. தலைகால் புரியல எனக்கு.

ஏன் மெல்லணும்னு கேக்கறியா? சித்தி இலை இருக்கே, தூக்கத்துக்கு. அதுக்கு ஒரு சக்களத்தி உண்டு. நிஜமாத்தான், நாங்க அதைச் சக்களத்தின்னுதான் சொல்லுவோம். அச்சு அசல் அதே மாதிரி இலை, அதே மயிர், அதே நரம்பு. கேட்டுக்கிட்டா வருது, பக்கத்துல தானா முளைச்சு நிக்கும். பூ விடறவரைக்கும் கண்ணால கண்டுபிடிக்க முடியாது. ஆனா சித்தி இலையைக் கசக்கினா மழைக்கு முன்னாடி மண்ணு மாதிரி ஒரு வாசனை தூக்கும். வாயில வச்சா அப்படி ஒரு கசப்பு, காது வரைக்கும் கசக்கும். சக்களத்திக்கு வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. பச்சைத் தண்ணி. எங்க வீட்ல சொல்லுவாங்க, கசக்கறது காப்பாத்தும், சும்மா இருக்கறது சாய்ச்சுடும்னு. அதனால விதை விழுந்து முளைச்ச கன்னு எதுவா இருந்தாலும் ஒவ்வொண்ணா கிள்ளி மென்னு பார்த்து, சும்மா இருக்கறதை வேரோட பிடுங்கிடணும்.

ஆமாம்மா, அந்த டாக்டரம்மா இன்னும் வரல. ரத்த ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உங்க மாமனாருக்கு எடுத்தப்ப சீக்கிரம் வந்துச்சா?

அக்கா எங்க வீட்டுக்கு வந்தது போன வருஷம். அவங்க வீட்டுக்காரர், எங்க அத்தான், தவறிப் போனப்புறம் தனியா ஒரு வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்கன்னு இவருதான் கூட்டிட்டு வந்தாரு. எனக்கு ஒரே பயம். இனி மூணு வேளையும் மார்க் ஷீட்டான்னு. வந்த முதல் நாள் அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு, நான் கரண்டியில ஒரு சொட்டு எடுத்து நீட்டி, அக்கா, உப்புப் பாருங்கன்னேன். அவங்க என்னை அப்படியே பார்த்தாங்க. நக்கிப் பார்த்துட்டு, கொஞ்சம் போடுன்னாங்க. போட்டேன். மறுநாளும் நீட்டினேன். தினமும். உப்புப் பெறாத விஷயம்னு சொல்லுவாங்க பாரு, அந்த உப்புத்தான் எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுச்சு. அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதைன்னு எனக்கு முதல்ல புரியல. போன்ல அவங்க சிநேகிதிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க, என் தம்பி பொண்டாட்டி என்னைக் கேக்காம உப்புகூடப் போட மாட்டான்னு. இந்தக் காது கேட்டுச்சு. அந்தக் குரல்ல இருந்த சந்தோஷம் இருக்கே... ஒரு வீட்ல நமக்கு இடம் இருக்குன்னு தெரிஞ்சவங்க குரல் அப்படித்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் மார்க்கெல்லாம் ஏறிடுச்சு. ஆறு, ஏழு, ஒரு நாள் எட்டரை. பால்கனிக்கு வந்து ஸ்டூல் போட்டு உக்காருவாங்க. இது யாருன்னு கேப்பாங்க, என்னன்னு கேக்க மாட்டாங்க. இது யாரு? ஊமை மாமாக்கா. இவரு ஏன் வாடியிருக்காரு? தண்ணி அதிகமாயிடுச்சுக்கா. பேசவே இல்லன்னா தண்ணி போதும்னு எப்படிச் சொல்லுவாரு, பாவம். இப்படித்தான். ரெண்டு கிழவிங்க வாளிகளோட உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்போம், இவரு வந்து எட்டிப் பார்த்துட்டு, என்ன சதி நடக்குதுன்னு கேப்பாரு.

ஆனா ராத்திரியில அவங்களுக்குத் தூக்கம் வராது. அத்தான் போன நாள்லேர்ந்து. நடக்கற சத்தம் எனக்குக் கேக்கும். ஒரு நாள் கதவைச் சாத்திட்டு வந்து, குரலைத் தணிச்சுக்கிட்டு, உங்க சித்தி இலை இருக்கே, அது எனக்குக் கேக்குமான்னாங்க. உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லாத, ஆடு தழை கேட்டு வந்துடுச்சான்னு சிரிப்பான்னாங்க. நாப்பது வருஷம் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசினவங்கம்மா. என்கிட்ட வந்து, என் சித்தியைக் கேட்டாங்க. அந்த நேரத்துல என் உயிரைக் கேட்டிருந்தாக்கூட எடுத்துக் கொடுத்திருப்பேன்.

கொடுத்தேன். ஆமா. அதைத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன்.

நீ அப்படிப் பார்க்காத. முதல்ல கொடுத்தது எல்லாம் நல்ல இலை. பேசின்ல இருக்கற தாய்ச்செடி, சித்தி வீட்டுக் கிளையிலேர்ந்து வந்தது, அதுல சந்தேகமே இல்ல. நல்லாத் தூங்கினாங்க. காலையில எழுந்து வந்து, இந்தத் தூக்கத்துக்கு ஒன்பதுன்னாங்க. ஒன்பது! கல்யாணமான நாள்லேர்ந்து நான் பார்க்காத மார்க்கு. ஆனா ஒரு செடி எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? கிள்ளிக் கிள்ளி மொட்டையாயிடுச்சு. நேத்து பார்க்கறேன், நாலு இலைகூட இல்ல. பக்கத்து வாளியில விதை விழுந்து முளைச்ச கன்னுங்க தளதளன்னு நிக்குது. இன்னிக்கு இல்லக்கா, இலை துளிர்க்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டூல்ல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் அந்த வாளியிலேர்ந்து ஒரு இலையைக் கிள்ளி, வழக்கம் போல வாயில போட்டு மென்னேன். துப்பினேன். சரியா இருக்குன்னு தலையை ஆட்டினேன். அப்புறம் ஒரு கை பறிச்சேன்.

இல்லம்மா. மென்னேன்தான். அதுல பொய் இல்ல.

அது எப்படின்னா, அக்கா வர்றதுக்கு முன்னாடியே, போன வருஷம் மழைக்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சு எனக்கு. எல்லாருக்கும்தான் வந்துச்சு, எல்லாருக்கும் போச்சு. எனக்கும் காய்ச்சல் போயிடுச்சு, மூக்கும் நாக்கும்தான் திரும்பி வரல. இனிப்பு, கசப்பு, உப்பு, ஒண்ணும் இல்ல. நீ கொடுத்த டீ எனக்கு வெந்நீர். யார்கிட்டயும் சொல்லல. இவரு எதைப் போட்டாலும் சாப்பிடுவாரு, அவருக்குத் தெரியாது. வரும் வரும்னு இருந்தேன். தங்கச்சி இலையை நீட்டினா, மென்னு பார்த்துட்டு, கண்ணால பார்த்து ஒரு குத்துமதிப்பா சொல்லி அனுப்பிடுவேன். எனக்கு நாக்கு செத்துப் போச்சுன்னு எப்படிம்மா சொல்றது? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே. கன்னு முளைச்சப்ப ஒவ்வொண்ணா கிள்ளி மென்னேன், பிடுங்கவும் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினேன், எதை விட்டேன்னு யாருக்குத் தெரியும். எனக்கு இப்ப எல்லா இலையும் சக்களத்திதான்.

ம். உப்பும் அதுக்குத்தான். மரியாதை இல்ல அது. எனக்குத் தெரியல, அதனால கேட்டேன்.

டாக்டரம்மா கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறந்தேன். இவரு, இல்லவே இல்லன்னு சொன்னாரு, நான் மூடிட்டேன். ஒருவேளை அது நல்ல இலையா இருந்தா? வேற ஏதோ வியாதியா இருந்தா? எதுக்கு வீணா சொல்லணும்னு ஒரு மனசு. ஆனா காலையில ஆம்புலன்ஸ் வந்து, இவரு கதவைப் பூட்டச் சாவியைத் தேடறப்ப, நான் பால்கனிக்கு ஓடியிருக்கேன் பாரு. நேத்து பறிச்ச அதே செடியில ஒரு கிளையை ஒடிச்சு முடிஞ்சு எடுத்துட்டு வந்திருக்கேன். கைக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்தா. இதான் அந்தக் கைக்குட்டை. எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. முடிச்சை அவிழ்த்து, ஒரே ஒரு இலையைக் கசக்கி மோந்து பாரு. நான் காலையிலேர்ந்து மோந்து மோந்து பார்க்கறேன், என் சேலை வாசனைகூட எனக்குத் தெரியல. உனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லையே? அப்ப பாரு. நல்லா கசக்கு. சாறு இறங்கற மாதிரி. மழைக்கு முன்னாடி மண்ணு மாதிரி இருக்கணும். தூக்கலா இருக்கணும், தேட வேண்டியதே இல்ல.

இன்னும் கொஞ்சம் கசக்கு.

இன்னொரு இலை எடுத்துப் பாரேன்.

இல்லையா.

ஐயோ, வாயில வைக்காத! வேண்டாம், விடு, கீழ போடு. போதும்மா. போதும். அந்தக் குழாய்ல போய் கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிடு. கண்ணுல வச்சுடாத. மிச்சத்தை இப்படி என்கிட்ட குடு.

அதோ, டாக்டரம்மா வர்றாங்க, கையில பேப்பர் இருக்கு. நான் போறேன். என்ன இலைன்னு கேட்டா பேரு தெரியாது, சக்களத்தின்னா அவங்களுக்கு என்ன புரியும். கையிலயே கொடுத்துடறேன், பார்த்து கண்டுபிடிக்கட்டும். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோ. இவரு வந்தா, நான் உள்ள இருக்கேன்னு மட்டும் சொல்லு, மிச்சத்தை நானே சொல்லிக்கறேன்.

என்னம்மா? நேத்தே சந்தேகம் வரலையான்னா கேக்கறே?

அக்கா குடிச்சுட்டு டம்ளரை என்கிட்ட நீட்டி, இன்னிக்குப் பத்துக்குப் பத்துன்னாங்க. துளிகூடக் கசக்கலையே, என்ன பண்ணினேன்னாங்க. கைப்பக்குவம்க்கான்னு சொல்லிட்டு நான் விளக்கை அணைச்சுட்டு வந்துட்டேன்.

கேட்டுச்சும்மா. காதால பொழைச்சவ நான். நல்லாவே கேட்டுச்சு.